பொய்க்கேற்ற பை

ஒரே ஓர் இரவாவது மனைவி இல்லாமல் தூங்கி எழுந்து பார்த்துவிடுவது என்று மாஸ்டர் தீர்மானம் செய்தார்.

தவறாக நினைக்க வேண்டாம். மனைவியான மேடத்தின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. வருத்தம் கிடையாது. பயம்கூட... சரி, அதை விடுங்கள். விஷயம் இதுதான். மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் என்ன தலைகீழாக நின்றாலும் மாஸ்டர் காலை வைத்தால் வண்டி நின்றுவிடும். வீட்டில் நிலைமை அப்படியே நேர்மாறு. ஸ்டியரிங் மாஸ்டரின் கையில் இருப்பது போலத்தான் இருக்கும். பிரேக் மட்டும் மேடத்தின் காலடியில்.

அந்தப் பிரேக் சத்தமே போடாது என்பதுதான் கொடுமை. மேடம் ஒரு டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தார். காலை முதல் மாலை வரை ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அவர் காதில் கத்துவார்கள். மேடம் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுது" என்று ஆரம்பிப்பார். கடைசியில், கத்த வந்தவர் நன்றி சொல்லி, கூடவே இன்னொரு இணைப்பும் வாங்கிக்கொண்டு போவார். அதே குரல்தான் வீட்டிலும். கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டர் எத்தனை இணைப்பு வாங்கியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் மாஸ்டரிடம் கார் பழகிய மருந்துக்கடைக்காரர் லைசென்ஸ் வாங்கினார். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். அவர் தேர்வானதில் அவரைவிட மாஸ்டருக்குத்தான் ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு செய்தி சொன்னார்.

"மாஸ்டர், நாங்க சில பேர் சேர்ந்து மலையேறப் போறோம். சனிக்கிழமை காலையில கிளம்பி, மேல கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிட்டு, ஞாயித்துக்கிழமை இறங்கிடுவோம். அவசியம் குடும்பத்தோட வாங்க."

இதில் 'குடும்பத்தோட' என்ற சொல்லை மட்டும் மாஸ்டரின் காது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

ஒரு ராத்திரி! குறட்டை விட்டால் விலாவில் குத்த ஆளில்லை. சாக்ஸோடு தூங்கலாம். பிஸ்கட்டைப் படுத்துக்கொண்டே தின்னலாம். 'பல் தேய்ச்சீங்களா?' என்று கேட்க, மலையில் யார் இருக்கிறார்கள்?

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"நான் மலையேறப் போறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்தார். "தாராளமாப் போங்க."

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பதில்கள் அத்தனையும் வீணாகிப் போயின. "ராத்திரி அங்கேயேதான் தங்கணும்" என்றார், சற்றே ஏமாற்றத்துடன்.

"தங்காம? மலையை மடிச்சு வீட்டுக்கா எடுத்துட்டு வர முடியும்?" மேடம் ஒரு துண்டை மடித்து வைத்தார். "நானும் வரட்டுமா? வெளிக் காத்துப் பட்டு எவ்வளவு நாளாச்சு."

மாஸ்டர் இரண்டு கையையும் ஆட்டினார்.

"நீயா? ஐயோ, வேண்டாம்மா. அட்டைப்பூச்சி!"

"எங்க?"

"எல்லா இடத்துலயும். காலை வெச்சா காலைக் கடிக்கும், கையை வெச்சா கையைக் கடிக்கும்."

"உப்புப் பட்டா விட்டுடுமே."

"பாத்ரூம் கிடையாது."

"ஓ."

அந்த 'ஓ'வில் மாஸ்டருக்குப் பச்சை விளக்கு தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

"மலைன்னா சும்மா மலையில்லை. செங்குத்து. கயித்தைப் பிடிச்சுத்தான் ஏறணும். வண்டி, கழுதை, ஆளு, எதுவும் போகாது. கூடாரம், அடுப்பு, பாத்திரம், தண்ணி எல்லாத்தையும் அவங்கவங்க முதுகுலதான் சுமக்கணும். ஒரு ஆளு ஒரு மூட்டை சிமென்ட் அளவு தூக்கணும்னா பார்த்துக்கோ!"

"ஒரு மூட்டை சிமென்ட்டா?"

"சின்ன மூட்டை."

மேடத்தின் முகம் கனிந்தது. "உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுதுங்க" என்றார். "அவ்வளவு பாரம் தூக்கணும்னா பை நல்ல பையா இருக்கணும். வாங்க, நானே கூட வந்து வாங்கித் தரேன்."

பொய்க்கும் பைக்கும் எழுத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். பொய் பெரிதானால் பையும் பெரிதாகத்தான் வேண்டும் என்பது மாஸ்டருக்கு அப்போது உறைக்கவில்லை.

பயணச் சாமான்கள் விற்கும் கடையில் முதுகுப் பைகளுக்கென்றே ஒரு சுவர் இருந்தது. கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்த கடைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எத்தனை ராத்திரி சார்?"

"ஒண்ணு."

"அப்போ நடுத்தர அளவே தாராளம். கொஞ்சம் முதுகைக் காட்டுங்க சார், அளவெடுத்துடறேன்."

"முதுகா? எங்க வம்சத்துலயே யாரும் முதுகு காட்டினது கிடையாது!"

"இப்போ காட்டுங்க" என்றார் மேடம்.

காட்டினார்.

அந்தப் பெண் அவருடைய கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டிருந்த எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நாடாவை ஓடவிட்டாள். "ஆள் உயரம்தான் சார். ஆனா முதுகு குட்டை. உங்களுக்கு உள்ளே சின்னக் கம்பிச் சட்டம் வெச்ச பைதான் உட்காரும்."

கடையில் இருந்த இரண்டு வாலிபர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதோடு, சிமென்ட் மூட்டைக் கதையைக் கேட்ட மேடம் பக்கத்திலேயே நிற்கிறார். நடுத்தரப் பையை வாங்கினால் குட்டு உடைந்துவிடும். சுவரின் உச்சியில், ஒரு ஆளையே உள்ளே வைத்துத் தைத்தாற்போல் தொங்கிய சிவப்புப் பையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதை எடு."

"சார், அது பத்துப் பதினைஞ்சு நாள் பயணம் போறவங்களுக்கு."

"எடும்மா."

மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தால் மாஸ்டர் இல்லை. பைக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் இருந்தன.

"இடுப்புப் பட்டை இடுப்பெலும்பு மேல நிக்கணும் சார்" என்றாள் அந்தப் பெண் பொறுமையாக. "பாரத்துல பெரும்பங்கை இடுப்புதான் தாங்கும். தோள்பட்டை, பை பின்னால சாயாம பிடிச்சுக்க மட்டும்தான். உங்களுக்குப் பட்டை தொடையில நிக்குது."

"நடக்க நடக்க ஏறிடும்."

"ஏறாது சார், இறங்கும்."

"பரவாயில்லம்மா, இதையே குடு" என்றார் மேடம். "அவர் தூக்கப்போறது சிமென்ட்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டடம் கட்டுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். பையைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். "போறதுக்கு முன்னாடி உள்ள வெயிட்டை வெச்சுத் தினமும் கொஞ்சம் நடந்து பழகிக்கங்க சார். புதுப் பையோட நேரா மலைக்குப் போகாதீங்க."

மேடத்தின் கண்ணில் ஏதோ ஒரு விளக்கு எரிந்ததை மாஸ்டர் கவனிக்கவில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கியது.

"வெறும் பையோட நடந்தா என்ன பழக்கம்? வாங்க, மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார் மேடம். அரிசி, மாவு, எண்ணெய், உருளைக்கிழங்கு, சோப்புத்தூள் என்று ஒரு மாதத்துச் சாமான் சிவப்புப் பைக்குள் இறங்கியது. அப்போதும் பை வாயைப் பிளந்துகொண்டு இன்னும் கேட்டது. மேடம் ஒரு பூசணிக்காயையும் வைத்து அதன் வாயை அடைத்தார். வீடு இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் தன் கழுத்தில் 'பழுது' என்ற அட்டையை மாட்டிக்கொண்டு ஓய்வில் இருந்தது.

அடுத்த நாள், கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பேப்பர்கள் கடைக்குப் போயின. 'நாளைக்குப் போடறேன்' என்று மாஸ்டர் இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்த வேலை.

"போறப்போ பாரம் இருக்கு. வர்றப்போ பை காலியா இருக்குமே, பழக்கம் விட்டுப்போகாதா?" என்று கவலைப்பட்டார் மேடம். வரும்போது பால்கனிக்குப் பூந்தொட்டிகள் வந்தன. மண்ணோடு.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் மாஸ்டருக்கு இருந்த ஒரே தோழர். மண்ணும் தொட்டியுமாக மாஸ்டர் படியேறுவதைப் பார்த்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், வீடு மாத்தறீங்களா?"

"மலையேறப்... பழகறேன்... டாக்டர்."

"மலையையே தூக்கிட்டுப் போறாப்பல இருக்கே!"

நான்காம் நாள் மாஸ்டரால் கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. கார் பழக வந்தவர்களுக்கு, இடது பக்கம் திரும்பு என்பதைக் கண்ணாலேயே காட்டினார். இடுப்பு தாங்க வேண்டியதை எல்லாம் பாவம், தோள் தாங்கிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய் நல்ல வலித் தைலமாகப் பார்த்து வாங்கி வந்து, தானே தேய்த்தும் விட்டார். அந்தத் தேய்ப்பில் அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தம் அதிகமாக இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்லையே."

"பழகறதை நிறுத்திடலாமா? மலை அவ்வளவு கஷ்டம்னா விட்டுடுங்களேன்."

"சேச்சே! ஏறறதுன்னு முடிவு பண்ணியாச்சு."

"அதுவும் சரிதான்" என்றார் மேடம். "நாளைக்கு என் தங்கச்சி வீட்டுலேர்ந்து தையல் மிஷினை எடுத்துட்டு வந்துடலாம். இரும்புல பழகிட்டா சிமென்ட் பஞ்சு மாதிரி இருக்கும்."

மச்சினி வீட்டில் அவருக்குப் பலமான வரவேற்பு. தையல் மிஷினோடு அதன் இரும்புக் காலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்றாவது மாடியில் இறக்கிய போதுதான், கூனிய நிலையில், தரையிலிருந்த ஓர் எறும்பைப் பார்த்தபடி, மாஸ்டர் தன் இரண்டாவது தீர்மானத்தை எடுத்தார்.

மறுநாள் வேலைக்கு நடுவில் அந்தக் கடைக்கு ஓடினார்.

"அம்மா, முதுகு காட்ட வந்திருக்கேன்."

கடைப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம். நடுத்தர அளவில், சின்ன சட்டம் வைத்த ஒரு நீலப் பையை எடுத்தாள். உள்ளே மணல் பொட்டலங்களை வைத்து, கனமானதை முதுகை ஒட்டினாற்போல் நிறுத்தினாள். மாட்டிவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கினாள். பிறகு தோள்பட்டை. கடைசியில் மார்புக்குக் குறுக்கே ஒரு சின்னப் பட்டை.

"இப்போ நடங்க சார்."

மாஸ்டர் நடந்தார். சுவர் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். பாரம் எங்கே? இருக்கிறது, ஆனால் இல்லை. தோளில் யாரோ சிநேகிதமாகக் கை போட்டுக்கொண்டு கூட நடப்பது மாதிரி இருந்தது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதோடவே வீட்டுக்குப் போயிடட்டுமா?"

"மணலை மட்டும் எடுத்துடறேன் சார்."

ஆனால் வீட்டுக்குத்தான் கொண்டுபோக முடியாதே! திட்டம் இப்படி. சனிக்கிழமை காலை சிவப்புப் பையோடு வீட்டை விட்டுக் கிளம்புவது. கீழே வந்ததும் பல் டாக்டர் கிளினிக்கில் சிவப்பைப் போட்டுவிட்டு நீலத்தை மாட்டிக்கொள்வது. ஒரு போர்வை, ஒரு சட்டை, பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான்.

"டாக்டர், இந்த விஷயம் உங்க வாயைத் தாண்டி வெளிய வரக் கூடாது."

"மாஸ்டர், வாய் என்னோட தொழில்" என்றார் டாக்டர். நீலப் பையை வாங்கி அலமாரிக்குப் பின்னால் வைத்தார்.

சனிக்கிழமை பொழுது விடிந்தது. சிவப்புப் பையை முந்தின நாளே மேடம் கட்டி முடித்திருந்தார். மாஸ்டர் அதைத் தூக்கி மாட்டியபோது, அவர் பையைத் தூக்குகிறாரா, பை அவரை இழுக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இருந்தாலும் முகத்தில் சிரிப்புத்தான். மூன்று மாடிதானே!

"போயிட்டு வரேம்மா."

"ஜாக்கிரதைங்க. அட்டைப்பூச்சி."

கிளினிக் கதவு திறந்திருந்தது. டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். மாஸ்டரைப் பார்த்ததும் அவருடைய கண், கூரையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, மாஸ்டரை மட்டும் பார்க்கவில்லை.

"டாக்டர், பையை எடுங்க, சீக்கிரம்."

"அது வந்து... மாஸ்டர்..."

"எங்க பை?"

"மேடம் நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"நீங்க ஏன் குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? 'பல்லு கூசுது டாக்டர், சுத்தம் பண்ணணும்'னு வந்து உட்கார்ந்தாங்க. 'எங்க வீட்டுக்காரர் இங்க வந்துட்டுப் போறதைப் பார்த்தேன், பாவம், தோள் வலியில துடிக்கறார், அவர் சிரமம் உங்களுக்கும் புரியும்'னாங்க. நான் ஆமான்னேன். அப்புறம் எப்படின்னு தெரியலை, பையை நானே எடுத்து, தூசி தட்டி, மாடி வரைக்கும் கொண்டுபோய் வெச்சுட்டு வந்தேன்."

"யோவ்! ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கறவர் நீர்! உம்ம வாயிலேர்ந்து விஷயத்தை அவ பிடுங்கிட்டாளா?"

"வலியே தெரியலை மாஸ்டர்" என்றார் டாக்டர்.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மேடம் இறங்கி வந்துகொண்டிருந்தார். காலில் வழக்கமான செருப்பு இல்லை, புது ஷூ. தலையில் தொப்பி. முதுகில் நீலப் பை. இடுப்புப் பட்டை சரியாக இடுப்பெலும்பின் மேல்.

"ரொம்ப நல்ல பைங்க" என்றார். "பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினா எனக்கும் கச்சிதமா உட்காருது. என்னை விட்டுட்டுப் போகாம, ஆச்சரியப்படுத்தறதுக்காக எனக்குன்னு தனியா வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே! டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

'இல்லை, எனக்காக வாங்கினேன்' என்றால், எதற்காக என்ற கேள்வி வரும். "ஆமாம்மா" என்றார் மாஸ்டர். "உனக்குத்தான்."

மலையடிவாரத்தில் மருந்துக்கடைக்காரர் எல்லோரையும் வரவேற்றார். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு சின்னப் பெண்கூட அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாதை, மாலை உலாவப் போகிறவர்களுக்காகப் போட்டது போல் வளைந்து வளைந்து போயிற்று. பக்கத்திலேயே வண்டிப் பாதை. அதில் ஒரு டெம்போ, கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தது. கயிறு, கொடி கட்டத்தான் இருந்தது.

மாஸ்டர் மேடத்தைப் பார்க்கவில்லை. மேடமும் மாஸ்டரைப் பார்க்கவில்லை.

"என்ன மாஸ்டர், இவ்வளவு பெரிய பை!" என்றார் மருந்துக்கடைக்காரர். "கழட்டி டெம்போவுல போடுங்க."

மாஸ்டரின் கை பாய்ந்து பட்டையைப் பிடித்தது.

"ஐயோ, வேண்டாங்க" என்றார் மேடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த மலைக்காகவே அவர் தினமும் பாரம் தூக்கிப் பழகியிருக்கார். தையல் மிஷினெல்லாம் மாடிக்குத் தூக்கினார். இப்போ வண்டியில போடச் சொன்னா அவர் மனசு உடைஞ்சுடும்."

கூட்டம் கை தட்டியது. ஒரு பெரியவர் மாஸ்டரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். சரியாக வலிக்கிற இடத்தில். அதற்குப் பிறகு பையைக் கழற்ற மாஸ்டருக்கு மூஞ்சி ஏது?

முதல் வளைவில் ஒருவர் "சார், நீங்கதான் பழக்கப்பட்டவர், இந்தத் தெர்மாஸை மட்டும்" என்றார். இரண்டாவது வளைவில் ஒரு கேமரா ஸ்டாண்டு வந்தது. சின்னப் பெண்ணுக்குக் குளிரவில்லை என்று அதன் கம்பளிச் சட்டை வந்தது. பை எதற்கும் இடமில்லை என்று சொல்லவில்லை. மேடம் முன்னால், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, யாருடனோ பேசிச் சிரித்தபடி போனார். அவர் இப்படிச் சத்தமாகச் சிரித்து மாஸ்டர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குகிறவர் அல்லவா? அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் வலி தெரியாமல்கூட நடந்துவிட்டார். பிறகு தெரிந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் புல்லில் குப்புற விழுந்தார். சாயங்கால வெயில் மலை விளிம்பில் நின்றது. மேடம் டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தைலத்தைத் திறந்தார்.

"ஏம்மா" என்றார் மாஸ்டர், புல்லுக்குள்ளிருந்து. "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"தைலம் வாங்கப் போனப்போ. மருந்துக்கடைக்காரர் யாருக்கு வலின்னு கேட்டார். மலையேறப் பழகறார்னு சொன்னேன். 'எங்க மலைக்கா? குழந்தைங்க ஏறுமே! குடும்பத்தோட வாங்கன்னு மாஸ்டர்கிட்ட சொன்னேனே'ன்னார்."

மாஸ்டர் யோசித்தார். "அப்போ தையல் மிஷின்?"

"அது அதுக்கு அப்புறம்."

மேடம் தைலத்தைத் தொட்டுத் தோளில் தேய்க்க ஆரம்பித்தார்.

"கோபமா?" என்றார் மாஸ்டர்.

"உண்மையைச் சொல்லட்டுங்களா? 'தனியாப் போகணும் போல இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பெட்டி கட்டி அனுப்பியிருப்பேன். உங்க குறட்டையிலேர்ந்து எனக்கு மட்டும் ஒரு நாள் லீவு வேண்டாமா? நீங்க வராதே வராதேன்னு பயமுறுத்தினீங்க பாருங்க, அப்போதான் அப்படி என்ன இருக்கு அங்கன்னு தோணிச்சு."

மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. "தப்புதாம்மா. இனிமே உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் மனசு கேட்கலைங்க. ஆசைப்பட்டீங்க, கெடுத்துட்டேன். அதான் மருந்துக்கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். அடுத்த மாசம் இன்னொரு மலைக்குப் போறாங்களாம். நிஜமாவே பெரிய மலை, வண்டி போகாது. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"நீ?"

"நான் வரலை. நீங்க மட்டும்தான்."

மாஸ்டர் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு ராத்திரி! சாக்ஸோடு! மனைவி என்றால் இவள் அல்லவா மனைவி! "இதுக்குப் பணம் கட்டணுமே, கட்டிட்டியா?"

"உங்களுக்கு அதெல்லாம் கிடையாதுங்க" என்றார் மேடம், தைல மூடியைத் திருகிக்கொண்டே. "சாமான் தூக்கறவங்களுக்கு இலவசமாம்."